டீச்சரம்மாவின் இரண்டாவது போன்

போலீஸ் தனிப்பிரிவுக்கு வந்துவிட்டீர்கள். காக்கியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மஃப்டியில் சுற்றலாம், திருவிழா பந்தோபஸ்துக்கு வெயிலில் நிற்க வேண்டாம் என்று உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் இருந்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாகப் பல வருடம் இந்த வேலையைப் பார்த்து, எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். எந்தக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், எந்தத் தெருவில் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள் என்று விசாரித்து மேலே எழுதி அனுப்புவதுதான் எனக்குச் சோறு போட்டது. சந்தேகம்தான் நம் தொழில். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. சந்தேகப்படத் தெரியாத தனிப்பிரிவு ஆள் பேசாமல் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சந்தேகப்படுகிறவருக்கும், சமையல் செய்கிறவரைப் போல, கை சுத்தமாக இருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டபோது ரிட்டயர் ஆக இரண்டே வருடம்தான் பாக்கி. அதுவும் ஒரு மனுஷியைக் குடியெழுப்பிவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு கேஸ்கள் இருக்கின்றன. அதையெல்லாம் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் சொல்கிறேன். இதைச் சும்மாவே சொல்கிறேன், கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பெயர் ஹெலன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். வயது அறுபத்தாறு. மயிலம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார், குடியிருப்பது திண்டிவனத்தில். விசாவை நீட்டிக்கக் கேட்டிருக்கிறார், விசாரித்து அறிக்கை அனுப்பவும். அதோடு ஒரு மொட்டைக் கடுதாசியின் நகலையும் சேர்த்துப் பின் குத்தியிருந்தார்கள். இந்த வெள்ளைக்காரி ஞாயிற்றுக்கிழமை தோறும் மரக்காணம் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்துக்குப் போகிறாள், அங்கே நோட்டில் என்னவோ எழுதுகிறாள், மாதா மாதம் தடித்த கவர் வெளிநாட்டுக்கு அனுப்புகிறாள், இப்படிக்கு நாட்டுப்பற்றுள்ளவன்.

கடல், நோட்டு, கவர். இந்த மூன்றையும் ஒரே தாளில் பார்த்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

முதல் நாள் முறைப்படி வீட்டுக்கே போனேன். மாடி போர்ஷன். ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவர் முழுக்கப் பிள்ளைகள் எழுதிய தாள்கள். ஒல்லியான பெண்மணி, காட்டன் சுடிதார், வெட்டிவிட்ட நரை முடி. "வாங்க, உக்காருங்க" என்ற இரண்டு சொல்லைத் தமிழில் சொன்னார். மற்றதெல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்தான், ஆனால் அவர் எனக்காக மெதுவாகப் பேசினார். அதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. இவ்வளவு பொறுமை ஒருத்திக்கு எதற்கு?

வாழ்நாள் முழுக்க டீச்சராக இருந்தவர் என்று நினைத்துப் போனால், அதுவும் இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் முப்பது வருடம் கிளார்க். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அறுபத்திரண்டு வயதில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதற்கான குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு, இருந்த வீட்டையும் விற்றுவிட்டுப் பெட்டியோடு கிளம்பியிருக்கிறார். முதலில் இரண்டு வருடம் வியட்நாம். பிறகு இங்கே. இவரைப் போல வயதான ஆட்கள் நிறையப் பேர் இப்படி நாடு நாடாகப் போகிறார்களாம்.

"திரும்பிப் போனால் எங்கே தங்குவீர்கள்?" என்று கேட்டேன்.

"தங்க இடம் கிடையாது. அதனால்தான் நீட்டிப்பு கேட்கிறேன்" என்றார்.

எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நம் ஊரில் அறுபத்தாறு வயதில் ஒருத்தி சொந்த வீட்டை விற்றுவிட்டு, முன்பின் தெரியாத ஊரில் மாடி ஏறி இறங்கிக்கொண்டு, சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவாளா? எதற்கு என்று நேராகவே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் ஊரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இங்கே நான் வகுப்புக்குள் போனால் முப்பத்தெட்டு பேர் கை தூக்குகிறார்கள்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றுகொண்டு என் குறிப்பேட்டில் எழுதினேன்: 'வந்த காரணம் திருப்திகரமாக இல்லை.' இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

அடுத்துதான் அந்தத் தப்பு. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி போட்டுப் பார்ப்பது. எதிராளி முகம் மாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தத் தெருமுனையில் வேப்பமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. தெருவில் யார் வந்தாலும் போனாலும் அந்த இஸ்திரிக்காரர் கண்ணில் படாமல் போக முடியாது. போய் நின்றேன்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?"

"சும்மாதாங்க. மாடியில இருக்கிற வெள்ளைக்கார டீச்சரம்மா எப்படி?"

"நல்ல மாதிரிதான். வாரத்துக்கு நாலு துணி போடும். வணக்கம் சொல்லிக்கினு போவும்."

அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "ரெண்டு போன் வெச்சிருக்காங்களாமே? ஒண்ணை யாருக்கும் காட்டுறதில்லையாமே?" என்று போட்டேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. மொட்டைக் கடுதாசியில்கூட அது கிடையாது. நின்ற இடத்தில் என் வாயில் வந்த சரக்கு.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்பிடியா? நான் பார்த்ததில்ல மேடம். ஆனா நீங்க சொல்றதப் பார்த்தா..." என்று மாடியைப் பார்த்தார். முகத்தில் ஆர்வம்தான் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. சரி, இந்தத் தூண்டிலில் எதுவும் மாட்டவில்லை என்று வந்துவிட்டேன். இரண்டு நாளில் அதை மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். கீழ் வீட்டிலேயே குடியிருக்கிறவர், ரிட்டயர்டு மின்வாரிய ஊழியர். சட்டப்படி வெளிநாட்டுக்காரர் தங்கியிருக்கும் தகவலைப் பதிந்து வைத்திருந்த ஒழுங்கான மனுஷர். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்களாண்ட சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அந்தம்மா ரெண்டு போன் வெச்சிருக்குதாம். ஒண்ணுல யாராண்டயோ ரகசியமா பேசுதாம்."

எனக்குப் புல்லரித்தது. நான் சும்மா போட்டுப் பார்த்தது நிஜமாகவே இருக்கிறதே! நம் மூக்கு தப்பாது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். "யார் சொன்னாங்க?" என்று கேட்கத் தோன்றவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவளை என்னவென்று சொல்வது?

மறுவாரம் பள்ளிக்கூட நிர்வாகி தானாகவே போன் பண்ணினார். அவருக்கும் இரண்டு போன் விஷயம் தெரிந்திருந்தது. "எங்களுக்கும் அவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைங்க, நல்லெண்ணத்துல சேர்த்தோம்" என்று கேட்காமலே கைகழுவினார். இரண்டு தனித்தனி ஆள், ஒரே தகவல். எங்கள் கணக்கில் அது உறுதி. வரைவு அறிக்கையை எழுதி முடித்தேன். நடமாட்டம் சந்தேகத்துக்குரியது, மறைமுகத் தொடர்பு இருப்பதாக நம்பத்தகுந்த தகவல், நீட்டிப்பைப் பரிந்துரைக்க இயலவில்லை. அதில் பாக்கி குப்பம் ஒன்றுதான். அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டால் முடிந்தது.

ஒரு புதன்கிழமை காலையில் மஃப்டியில் பஸ் ஏறினேன். மரக்காணத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குப் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வெள்ளைக்கார டீச்சர் வருகிற வீடு எது என்று கேட்டதும் கை காட்டினார்கள். ஒரு மீன்காரம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், வாசலில் அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன், டீச்சரைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்று சொன்னேன்.

"அதுவா? ஞாயித்துக்கெழம ஆனா வந்துடும். எம்பொண்ணு நர்சு படிக்குது, வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரிச்ச எழுதணும்ல, அதாண்ட குந்திக்கினு பேசும். நானு மீன் கொழம்பு வெச்சா ஒரு கட்டு கட்டும்."

"நோட்டுல என்ன எழுதுறாங்க?"

"மீன் பேரும்மா! வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, ஒண்ணு வுடாம கேட்டு எழுதிக்கும். நாமதான் அது சொல்றதக் கேட்டு சிரிச்சிக்கினு கெடக்கோம்." சிரித்துக்கொண்டே சொன்னவர், கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "ஆனா இனிமே வரவேணாம்னு சொல்லிடலாம்னு கீறேன். பேஜாரா ஆயிடுச்சு. அது ரெண்டு போன் வெச்சிருக்குதாம். வயசுப் பொண்ணு இருக்கிற வூடு, எங்களுக்கு எதுக்கும்மா வம்பு?"

"நீங்க பார்த்தீங்களா ரெண்டாவது போனை?"

"நா எங்க பார்த்தேன்? திண்டிவனத்துல தெருவுல மீன் வித்துக்கினு போவேன்ல, அங்க இஸ்திரிக்காரு சொன்னாரு. அந்தம்மா குடியிருக்கிற வூட்டுக்காரு, பள்ளிக்கூடத்து வேன்காரரு, எல்லாருக்கும் அவருதான் சொல்லிக்கினு கீறாரு."

"அவருக்கு யார் சொன்னது?"

"போலீசு அம்மாவே வந்து அவராண்ட சொன்னாங்களாமே! போலீசு சொன்னா பொய்யா இருக்குமா?"

வீட்டுக்காரர், நிர்வாகி, இந்த மீன்காரம்மா என்று நான் எண்ணிக்கொண்டிருந்த மூன்று சாட்சிகளும் ஒருத்தியேதான். அந்த ஒருத்தி நான். என் வாயில் வந்ததை ஊர் முழுக்கச் சுற்றவிட்டு, அது திரும்பி வந்ததும் தகவல் என்று பெயர் வைத்து எழுதியிருக்கிறேன். மீன்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாம்மா, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

திண்டிவனம் வந்ததும் பள்ளிக்கூட வேளை முடிந்திருந்தது, நேராக டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். வரைவு எழுதிய அவசரத்தில் கவர் விஷயத்தை விசாரிக்காமல் விட்டிருந்தேன். அதைக் கேட்டேன். பிள்ளைகள் எழுதும் கடிதங்களாம், அவருடைய ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிள்ளைக்குப் பதில் போடுகிறார்களாம். ஒரு கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பிள்ளையின் முழுப் பெயர், வீட்டு விலாசம், போட்டோ எல்லாம் இருந்தது. "இது கூடாது" என்றேன். "பதில் போடுகிறவர் நல்லவராக இருக்கலாம். அந்தத் தாள் வேறு யார் கையில் போகும் என்று உங்களுக்குத் தெரியாது." அவர் முகம் சிவந்தது. அதை யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, அன்றைக்கே நிறுத்திவிட்டார். ஆகவே சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கவரைச் சந்தேகப்பட்டது சரிதான்.

பிறகு போனைப் பற்றிக் கேட்டேன். அவர் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது முதலாவது. இரண்டாவதைத் தெருவே தேடுகிறது. கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், இதன் பேட்டரி சரியில்லை" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு. அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் என் சொந்த போனும் ஆபீஸ் போனும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. அவர் என் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போனில் எங்கள் இன்ஸ்பெக்டர்.

"எங்கம்மா இருக்கே? விழுப்புரத்துல கேட்டுக்கினே இருக்காங்க. அந்த ரிப்போர்ட்ட ஜல்தியா கொண்டா, இன்னிக்கே போவணும்."

ஆபீஸுக்குப் போனேன். வரைவை அவர் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தார், பிடித்தும் இருந்தது. மாற்ற வேண்டும் என்றேன். காரணத்தைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலையில வரைக்கும் சந்தேகம். சாயங்காலம் அந்தம்மா வூட்டுக்குப் போய் வந்த, இப்ப சந்தேகம் இல்ல. இன்னாம்மா, டீச்சரம்மா விருந்து வெச்சாங்களா?"

சுருக்கென்று குத்தியது. அந்த ஒரு நிமிடத்தில்தான், சந்தேகத்துக்கு ஆளானவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. என்ன பதில் சொன்னாலும் அதுவும் சந்தேகமாகத்தான் தெரியும். கோபப்பட்டால் மாட்டிக்கொண்டவள், சிரித்தால் மழுப்புகிறவள். பழைய வரைவையே அனுப்பியிருந்தால் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ரிட்டயர்மென்ட்டுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது எனக்கு எதற்கு இந்தத் தலைவலி என்றும் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

ஆனால் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். இரண்டாவது போன் பற்றிய தகவலின் மூலம் நானே, விசாரணையின்போது நான் ஆதாரமின்றிக் கேட்ட கேள்வியே பிறர் மூலம் திரும்பி வந்துள்ளது, நேரில் சரிபார்த்ததில் அதற்கு ஆதாரம் இல்லை, கடிதங்கள் குறித்து எச்சரித்ததில் நிறுத்திவிட்டார், நீட்டிப்பு வழங்கலாம். கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கினியே" என்றார். ஆனால் கிழிக்கவில்லை, அனுப்பினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. அது பரவாயில்லை, மெமோ பார்க்காத சர்வீஸா?

சில வாரத்தில் நீட்டிப்பு கிடைத்துவிட்டது. செய்தி தெரிந்ததும் நானே நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசையாகப் போனேன். மாடிக் கதவு திறந்திருந்தது. டீச்சரம்மா சுவரிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். நன்றி என்றார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம் வீட்டுக்காரர். இந்தப் பருவத்தோடு போதும் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்களாம். குப்பத்து மீன்காரம்மா மட்டும் நேரில் வந்து, பெண்ணை அனுப்ப முடியவில்லை என்று அழுதுவிட்டுப் போனாராம்.

கீழே இறங்கி வீட்டுக்காரர் கதவைத் தட்டினேன். ஒன்றுமே இல்லைங்க, நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன், அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்றீங்க மேடம். ஒண்ணும் இல்லாத வூட்டுக்கு போலீசு எதுக்கு இத்தன வாட்டி வருது? இதோ இப்பக்கூட வந்துதான கீறீங்க?"

பள்ளி நிர்வாகி போனையே எடுக்கவில்லை. கடைசியாக இஸ்திரி வண்டிக்குப் போனேன். அவரிடமும் முழுசாகச் சொன்னேன். அந்த இரண்டாவது போன் கிடையவே கிடையாது, அது என் கற்பனை. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எனக்காகப் பரிதாபப்பட்ட முகத்தோடு தலையை ஆட்டினார். "புரியுது மேடம். மேலேர்ந்து பிரஷரு. அவ்ளோ பெரிய எடமா அந்தம்மா?" என்றார். சாயங்காலத்துக்குள் அதுவும் தெருவெல்லாம் போயிருக்கும். நல்லது பண்ணப் போய் இன்னொரு வதந்திப் பொட்டலத்தையும் நானே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டீச்சரம்மா கிளம்பிய அன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூப்பிடவில்லை, நானாகப் போனேன். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. கம்போடியாவில் ஒரு பள்ளிக்கூடம் வரச் சொல்லியிருக்கிறதாம். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அறுபத்தாறு வயதில். "ஸாரி" என்றேன். என் சர்வீஸில் விசாரிக்கப் போன ஓர் ஆளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். "என் ரிப்போர்ட்டில் உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதினேன்" என்றேன்.

"தெரியும். அரசாங்கம் உங்கள் ரிப்போர்ட்டைப் படித்தது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "என் தெருவுக்குக் கிடைத்தது உங்கள் கேள்வி மட்டும்தான்."

சென்னை பஸ் வந்தது. பெட்டியை நான் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பைக்குள் தேட ஆரம்பித்தார். பக்கத்து சீட்டில் ஒரு பெண், மடியில் குழந்தை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக எட்டி என்னிடம் கேட்டாள்.

"யாருங்க இவங்க? இந்த வயசுல இவ்ளோ தூரம் எதுக்கு வந்துச்சு?"

"டீச்சர். பாடம் நடத்த வந்தாங்க" என்றேன்.

"அதுக்கு மட்டுமா?" என்றாள்.

"அதுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு, பஸ் நகரும்வரை அங்கேயே நின்றேன்.